உன்னையும் சேர்த்து எண்ணு

மாசாய் என்கிற ஊரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் வருஷா வருஷம் எங்களைப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். வண்ணக் கட்டைகள், மணிகள், பொம்மைக் கோழிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, என் மகள் வயதுள்ள ஒரு பெண் பாடம் நடத்துவாள். "ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஒப்பிக்கிறது எண்ணறிவு இல்ல டீச்சர். நாலுன்னா எவ்வளவுன்னு பிள்ளைக்கு உள்ளுக்குள்ள தெரியணும். அதுக்கு விளையாட்டுதான் வழி. பயமுறுத்தினா வரவே வராது." நாங்கள் தலையாட்டுவோம். அவள் சொன்னது முழுக்க உண்மை. பயமுறுத்தினால் வராது சரி, பட்டினி போட்டால் வருமா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டதில்லை. மத்தியானம் அவளுக்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வரும், எனக்கும் வரும். சாப்பாட்டு நேரத்தில் எதற்கு அந்தப் பேச்சு.

என் தம்பி எண்ணக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்ல வருகிறேன். ஜப்பான்காரன் காலம். காஹாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். இன்றைக்குப் போனால் செம்பனைதான் தெரியும். அன்றைக்கு எங்கு பார்த்தாலும் பால் மரம். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஐந்து. அண்ணனுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது, ஆனால் பதினைந்து என்று சொன்னாலும் நம்புகிற உயரம். கடைசியாக, அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத ஒரு தங்கச்சி. அப்பாவை சயாமில் ரயில் ரோடு போடுவதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள், அவரும் அதை நம்பி எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் அம்மா பிள்ளைகளை எண்ண மாட்டாள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், பாதிப் பெண்கள் அப்படித்தான். கோழிக்குஞ்சை எண்ணலாம், மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கோப்பையை எண்ணலாம், பெற்ற பிள்ளையை எண்ணினால் கண் பட்டுக் குறைந்துபோகும் என்பது அவர்கள் கப்பலில் ஏறும்போதே மூட்டை கட்டிக்கொண்டு வந்த நம்பிக்கை. யாராவது "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். நாலு இருந்தால் மூணு. மூணு இருந்தால் ரெண்டு. மறைத்த ஒன்று மற்றவற்றுக்குக் காவல் என்பாள் அம்மா. சாதாரண நாளில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, கேட்கிறவர்களுக்கும் இந்த வழக்கம் தெரியும்.

ஜப்பான் துரை வந்ததும் தலைக்கணக்கு எடுக்கச் சொன்னான். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் இவன் குடியேறினான். வெள்ளைக்காரனுக்குத் தோட்டக் கணக்கு எழுதிய கிராணியே இவனுக்கும் எழுதினார். துரை மாறினாலும் பேனா மாறவில்லை. ஒரு சாயங்காலம் கிராணி லயத்துக்கு வந்து, வாசல் வாசலாக நின்று தலைகளைக் கேட்டுக்கொண்டு போனார். தலைக்கு இத்தனை என்று அரிசியும் கிழங்கும் அளக்கப்போகிறார்கள் என்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்வார்கள் என்ற பயம். மோப்பம் பிடித்த சில பெண்கள் அப்படியும் கூட்டியே சொன்னார்கள். அன்று ஒரு நாள் அவர்களுக்குக் கண்ணேறு மறந்துபோயிற்று. என் அம்மா மட்டும், கல்யாண வீட்டில் யாரோ சும்மா கேட்டதுபோல, "மூணு பிள்ளைங்க ஐயா" என்றாள். அண்ணன் பக்கத்தில் நின்றான், நான் நின்றேன், தங்கச்சி இடுப்பில் இருந்தாள். தம்பி காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தான். கிராணி மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். ஊர் உலகத்தில் பொய் சொல்லிக் கூட வாங்கினவர்கள் உண்டு. பொய் சொல்லிக் குறைத்து வாங்கினவள் என் அம்மாவாகத்தான் இருப்பாள்.

முதல் முறை பங்கு அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு பால் டின் அரிசி, கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு. எங்கள் வீட்டுக்கு அம்மாவின் பங்கும் மூன்று பிள்ளைகளின் பங்கும் வந்தன. அம்மா கிராணியிடம் ஓடினாள்.

"ஐயா, எனக்கு நாலு பிள்ளைங்க ஐயா. வழக்கமாச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன்."

"மூணுன்னு நீதானே சொன்ன? துரை முத்திரை குத்தியாச்சு. இப்ப போயி நாலுன்னு சொன்னா, முன்னாடி பொய் எழுதினியான்னு என் கன்னத்துல விழும். போ, போ."

கிராணி கெட்டவர் இல்லை என்று பிற்காலத்தில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கெட்டவர் இல்லைதான், கோழை. கெட்டவனிடமாவது காலில் விழுந்து பார்க்கலாம். ஆனால் அவருடைய பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. செத்துப்போன மாமியாரைக் கணக்கில் சேர்த்திருந்த ஒருத்தியை, அந்த நாட்களில்தான், பெரட்டுக் களத்தில் வெயிலில் மண்டி போட வைத்துக் கைகளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மேலே ஒரு ரப்பர் கட்டையை ஏற்றினார்கள். காலையில் ஆட்களை வரிசை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம்தான் பெரட்டுக் களம். பார்க்காதவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்றே அங்கே வைத்துச் செய்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பொய்யையும் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆக, நாலு பேர் பங்கை ஐந்து பேர் சாப்பிட்டோம். தம்பிக்கு வயிறு முன்னால் வந்தது, கால்கள் கீரைத்தண்டாயின. அந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்து எந்த வீடு என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். அந்தக் கண்கள் என் தம்பி மேல் வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. அம்மாவுக்கும் அது தெரிந்தது.

அப்போதுதான் ஆமணக்கு வந்தது. மேட்டுப் பக்கம் பால் மரங்களை வெட்டிவிட்டு ஆமணக்கு போட்டிருந்தார்கள். அந்த எண்ணெய் ஆகாயக் கப்பலுக்குப் போகிறது என்று பேச்சு. காய் பறிக்கச் சின்னக் கைகள் போதும் என்று துரை கண்டுபிடித்தான். பத்துப் பத்துக் கொத்தாகக் கட்டிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வேலைப் பிள்ளை. வேலைப் பிள்ளைக்குத் தனியாக ஒரு டின் அரிசி. அண்ணன் ஏற்கனவே புல் வெட்டில் இருந்தான், நான் அவனுக்குப் புல் அள்ளினேன்; எங்களுக்கு அது கிடையாது. ஆனால் ஒன்பதும் பதினொன்றுமாகக் கட்டிக் கொண்டுவந்தால் துரைக்குக் கோபம் வந்தது. அதனால் முதலில் பரீட்சை, தேறினால்தான் பேர் எழுதுவது என்று உத்தரவு போட்டான். அடுத்த மாதப் பிறப்பன்று பெரட்டுக் களத்தில் பரீட்சை. தம்பி தேறினால் பிழைப்பான். வேறு வழி எங்களுக்கு இல்லை.

மூன்று என்று எழுதிய வீட்டிலிருந்து நாலாவது பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? அதற்கும் அம்மா வழி பார்த்தாள். லயத்தின் கடைசி வீட்டில் பிள்ளை இல்லாத ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனும் சயாமுக்குப் போனவன். தம்பியை அவளுடைய செத்துப்போன தங்கச்சி மகன் என்று சொல்வதாக ஏற்பாடு.

"சொல்றேன். ஆனா டின்ல பாதி எனக்கு" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

"பச்சைப் பிள்ளை வாய்க்குப் போறதுக்கா பங்கு கேக்குற?"

"மாட்டினா கட்டை தூக்கப்போறது நீ மட்டுமா? எனக்கும் வயிறு இருக்கு."

அம்மா ஒப்புக்கொண்டாள். எனக்கு அவள் மேல் இன்னும் ஆத்திரம்தான், ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை.

இப்போது பாடம் தொடங்கியது. என் தம்பிக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னால் லயத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஜப்பான் பாஷையில் இச்சி, நீ, சான் என்று நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வான். தமிழிலும் சொல்வான். பெரட்டுக்கு நிற்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. லயத்துப் பெண்கள் அவனைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள். அம்மா நாலு ரப்பர் கொட்டையைத் தரையில் வைத்து, "எத்தனை?" என்றாள். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு இச்சி நீ சான் என்று ஆரம்பித்தான். நாலாவது கொட்டையை விரல் தொடுவதற்குள் வாய் பத்தைத் தாண்டிவிட்டது. "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அம்மா ஒரு விளாறை ஒடித்து வைத்துக்கொண்டாள். தப்பாகச் சொன்னால் விரல் முட்டியில் ஒன்று விழும். அதுவும் பலிக்கவில்லை என்றதும் கிழங்கை எடுத்து அடுப்பு மேட்டில் வைத்தாள். சரியாகச் சொன்னால்தான் கிழங்கு.

"எத்தனை?"

"பத்து."

"நல்லாப் பாரு. எத்தனை?"

"எத்தனைன்னு நீயே சொல்லும்மா. நான் அதையே சொல்றேன்."

அதற்கும் அடி விழுந்தது. அடி வாங்க வாங்க அவன் இன்னும் வேகமாக இச்சி நீ சான் சொன்னான். எண் என்பது அவனுக்கு அடிக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒரு மந்திரமாகிவிட்டது. ஏற்கனவே குறைப் பங்கு சாப்பிடுகிறவன், அந்தக் குறைப் பங்கையும் பாடத்தில் தோற்றான். அம்மா அடுப்பு மேட்டில் வைத்த கிழங்கைத் தானும் தின்னவில்லை, எங்களுக்கும் கொடுக்கவில்லை. அது அங்கேயே கிடக்கும். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவளை நான் அப்போது வெறுத்தேன். பிள்ளை சாகக் கூடாது என்று பிள்ளையைப் பட்டினி போடுகிற புத்தி வேறு யாருக்கு வரும் என்று நினைத்தேன். காலம் அந்த மாதிரிப் புத்தியைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தது.

இதை நிறுத்தியவன் அண்ணன். புல் வெட்டிவிட்டு வந்து, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தான். பிறகு அம்மாவின் கையிலிருந்து விளாறை வாங்கி அடுப்பில் வைத்தான்.

"அம்மா, இவனுக்கு வாய் ஓடுது, விரல் நடக்குது. ரெண்டும் எங்கேயும் சந்திக்கல. நீ விடு, நான் பாத்துக்கிறேன்."

அண்ணன் செய்த முதல் காரியம் இச்சி நீ சானை நிறுத்தியது. எத்தனை என்று கேட்பதையும் நிறுத்தினான். கிழங்குத் துண்டுகளைத் தம்பியின் கையில் கொடுத்து, "ஆளுக்கு ஒண்ணு வைடா. போதுமா, கொறையுதா பாரு" என்றான். அவ்வளவுதான். தம்பி அம்மாவின் முன்னால் ஒன்று வைத்தான், அண்ணன் முன்னால் ஒன்று, எனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. கையில் ஒன்றும் மிச்சமில்லை. "போதும்" என்று சிரித்தான்.

"உனக்கு எங்கடா?"

தம்பி கீழே பார்த்தான். தன் முன்னால் இருந்த வெறும் தரையை அப்போதுதான் கண்டான்.

"உன்னையும் சேர்த்து எண்ணுடா மடையா" என்று அண்ணன் சிரித்தான்.

பிற்காலத்தில் பாலர் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் தங்களை விட்டுவிட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். கண் வெளியே பார்க்கிறது, தன்னைப் பார்ப்பதில்லை; அந்த வயதில் அது இயற்கை. ஆனால் என் தம்பி தன்னை விட்டுவிட்டு எண்ணியதை அப்படிச் சொல்லித் தேற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவனை எங்கள் வீட்டிலேயே ஒருத்தி எண்ணாமல் விட்டிருந்தாள்.

அண்ணன் அடுத்து மறைந்து விளையாடும் ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஓடைக்குக் குளிக்கப் போகும்போது, அம்மாவிடமிருந்து தங்கச்சியை நான் வாங்கித் தூக்கிக்கொள்ள, நாங்கள் நாலு பேரும் வரிசையாக நிற்போம். தம்பி கண்ணை மூட வேண்டும். யாராவது மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். கண்ணைத் திறந்து, எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேரைக் காணோம் என்று சொல்ல வேண்டும். முதலில் ஆளைச் சொன்னான். "அக்காவைக் காணோம்." பிறகு எண்ணைச் சொன்னான். "ரெண்டு பேரு காணோம், ரெண்டு பேரு இருக்கோம். என்னையும் சேத்து." தொட்டு எண்ணாமல், வாய் முணுமுணுக்காமல், பார்த்த மாத்திரத்தில் சொன்னான். கொட்டையில் வராதது ஆளில் வந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போதே காரணம் தெரிந்திருந்தது. "அவனுக்குக் கொட்டை இருந்தா என்ன, போனா என்ன? நம்மள்ல ஒரு ஆளு கொறைஞ்சாத்தான் அவனுக்கு வலிக்குது" என்றான் என்னிடம். படிக்காத பயல். இதைச் சொல்ல எனக்குப் பிறகு எத்தனை பயிற்சி தேவைப்பட்டது.

அம்மா இதைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்து அண்ணனை அறைந்தாள்.

"பிள்ளைங்கள எண்ணாதே, எண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அதுவும் ஒளிஞ்சுக்கிறது, காணாமப் போறதுன்னு! வாய் விளங்குமா உங்களுக்கு?"

"எண்ணலன்னா அவன் செத்துப்போவாம்மா."

அன்று சாயங்காலம் அம்மா எங்களை வரிசையாக உட்கார வைத்துத் திருஷ்டி கழித்தாள். உப்பும் இல்லை, மிளகாயும் இல்லை. வாசல் மண்ணை மட்டும் அள்ளிச் சுற்றி அடுப்பில் போட்டாள். மண் சத்தமே இல்லாமல் கிடந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்தைத் தடுக்கவும் இல்லை, நின்று பார்க்கவும் இல்லை.

ஆளில் வந்தது மெல்லக் கொட்டைக்கும் வந்தது. அண்ணன் கொட்டைகளுக்கு எங்கள் பேரையே வைத்தான். ஏழு கொட்டையைக் காட்டி, மூன்றைக் கைக்குள் மறைத்தால், தம்பி மிச்சத்தைப் பார்த்துவிட்டுக் "கைக்குள்ள மூணு" என்பான். பத்துக்கு என்ன குறைகிறது என்று கேட்டாலும் சொன்னான். அண்ணன் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி ஓடினான். எங்கள் வீட்டில் அந்த வருஷத்தில் எல்லாரும் சேர்ந்து சிரித்த நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மிச்சமிருந்த பாடத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். அது பொய்ப் பாடம்.

"உன் வீடு எது?"

"கடைசி வீடு."

"உன் அம்மா எங்க?"

தம்பி அவளையே பார்த்தான்.

"செத்துட்டாங்கன்னு சொல்லு."

அவன் அழுதான். சொன்னால்தான் விடுவேன் என்று அவள் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் "அம்மா செத்துட்டாங்க, நான் குளுவாங்லேர்ந்து வந்தேன்" என்று சொன்னான். இன்னொரு தரம் என்றாள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, அழாமல் சொல்லும் வரைக்கும் அவள் விடவில்லை. பிறகு கிழங்கில் தன் பங்கையும் அவனுக்கே கொடுத்தாள்.

பரீட்சை நாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஒரு லாரியும் நின்றது. சயாமுக்கு ஆள் ஏற்ற மறுபடியும் வந்திருந்தது. பேர் வாசிக்கப்பட்ட ஆண்கள் சிலர் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கிராணி ஒரு கூடை ஆமணக்குக் காயோடு பக்கத்தில் நின்றார். பரீட்சை இல்லாதவர்கள் ஒரு பக்கம் வரிசையாக நின்றோம். அம்மாவின் இடுப்பில் தங்கச்சி, பக்கத்தில் நானும் அண்ணனும். கடைசி வீட்டுக்காரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கம் நின்றாள்.

தம்பிக்கு முன்னால் வந்த பையன் நூறு வரைக்கும் ஜப்பான் பாஷையில் ஒப்பித்தான். துரை தலையாட்டினான். கிராணி ஒரு கை காயை அள்ளி வைத்து எத்தனை என்று கேட்டதும் பையன் மறுபடி இச்சியில் தொடங்கினான். தொட்டதையே தொட்டு, விட்டதையே விட்டு, இருபதில் போய் நின்றான். அவன் எதிரே வைத்தது எட்டு. போ என்று கை காட்டினார்கள். அந்தப் பையனின் அம்மா அங்கேயே அவனை அடிக்கத் தொடங்கினாள்.

தம்பியின் முறை வந்தது. கிராணி காயை வைத்தார்.

"ஏழு" என்றான் தம்பி. விரலைக்கூட நீட்டவில்லை.

கிராணி கொஞ்சத்தை எடுத்து மூடிக்கொண்டார். "கைக்குள்ள?"

"நாலு."

"பத்தாகணும்னா?"

"ஏழு இருக்குல்ல, இன்னும் மூணு போடுங்க ஐயா."

துரைக்குப் புரிந்துவிட்டது. தொடையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் பொங்கியது. அண்ணன் என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

அதோடு விட்டிருக்கலாம். கிராணி பேர் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். கடைசி வீடு, அம்மா செத்துவிட்டாள், குளுவாங் எல்லாவற்றையும் தம்பி அழகாகச் சொல்லியும் முடித்துவிட்டான். ஆனால் துரைக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. சின்னப் பிள்ளையிடம் கொஞ்சிப் பேசுகிற குரலில், தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டான்.

"ரூமா… பெராப்பா ஓராங்?"

"உங்க வீட்டுல எத்தனை பேருன்னு கேக்குறாரு" என்றார் கிராணி. இதை அவர் குறுக்குக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த ஒரு கேள்விக்கு அம்மா பொய் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்களை எண்ணுவது என்ற பேச்சே அவள் வாயில் வராது. அதை யாராவது கேட்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? தம்பி திரும்பி எங்களைப் பார்த்தான். ஒரே பார்வை. ஓடைக்கரையில் கண்ணைத் திறந்ததும் பார்ப்பானே, அந்தப் பார்வை. முகமெல்லாம் சிரிப்பு.

"அஞ்சு" என்றான். "என்னையும் சேத்து."

கடைசி வீட்டுக்காரி அவன் கையை விட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, இவதான் சொல்லச் சொன்னா" என்று பின்னால் போனாள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிராணிக்கு விளங்கிவிட்டது. துரை தன்னைக் கேட்பதற்கு முன்னால் தான் கோபப்பட்டாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நேராக வந்து அம்மாவைக் கன்னத்தில் அறைந்தார். தங்கச்சி அலறியது. பிறகு துரையிடம் போய்க் குனிந்து குனிந்து என்னவோ சொன்னார். மூணு, நாலு என்று விரல்களை மடக்கிக் காட்டினார்.

கட்டையைத் தூக்கச் சொல்வார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அம்மா தங்கச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே மண்டி போடத் தயாரானாள். துரை கத்தவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பார்வை அண்ணனிடம் வந்து, காலிலிருந்து தலை வரைக்கும் ஏறியது. லாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாந்தமாக இரண்டு வார்த்தை சொன்னான்.

கிராணி வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணுன்னு எழுதியிருக்காம். மூணுதான் இருக்கணுமாம்."

"ஐயா, அவனுக்குப் பன்னெண்டுதான் ஐயா! உசரம்தான் ஐயா, வயசு இல்ல!"

"சின்னவன் கெட்டிக்காரன், அவன் பேரை எழுதிக்கச் சொல்லிட்டாரு. பெரியவன் ஏறட்டும். பேசாதே. பேசினா ரெண்டாயிடும்."

அண்ணன் அழவில்லை என்று சொல்ல ஆசைதான். அழுதான். மூக்கு ஒழுக அழுதான். லாரியின் பின்பக்கம் உயரமாக இருந்தது, மேலே இருந்த யாரோ கை கொடுத்து இழுத்தார்கள். ஏறி நின்றதும் என்னைப் பார்த்து, "வாளி ஓடையிலேயே இருக்கு, எடுத்துட்டு வந்திரு" என்றான். சயாமிலிருந்து அப்பாவும் வரவில்லை, அவனும் வரவில்லை. போனவர்களில் திரும்பிய ஒருவர், அண்ணனை ஒரு முகாமில் பார்த்ததாகவும் அவன் சின்னப் பையன்களோடு கல் வைத்து ஏதோ ஆடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ. அந்தக் கிராணி வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் கிராணியாகவே இருந்தார்.

லாரி போன பிறகு தம்பியின் டின்னில் அரிசி அளந்து கொடுத்தார்கள். கோபுரமாக அளந்தார்கள். கடைசி வீட்டுக்காரி தன் பாதியைக் கேட்டு வரவில்லை. அந்த மட்டுக்கு வெட்கம் இருந்தது. அம்மாவின் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அந்தக் கண்ணோடு அடுப்பைப் பற்ற வைத்து, அரிசியைக் கழுவிப் போட்டாள். கஞ்சியாக இல்லை, சோறாகவே வடித்தாள். தம்பி சுவரோரம் உட்கார்ந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழும் என்று காத்திருந்தான் போலும். விழவில்லை. கடைசியில் அவனே கேட்டான்.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

அம்மா அவன் முன்னால் தட்டை வைத்தாள்.

"சரியாத்தான் சொன்ன. சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். நாங்களும் சாப்பிட்டோம். அண்ணன் இல்லாததால் அன்றைக்கு ஆளுக்கு ஒரு கை சோறு கூடக் கிடைத்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.